பெரிதான எஞ்சினும் பழைய அட்டவணையும்
மோட்டார் சைக்கிளில் எரிபொருள் செலுத்தலைச் சீரமைப்பது எப்படி?

நம் நாட்டில் காப்சாய் மோட்டார் ஓடாத தெருவே இல்லை. தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழக விடுதி வரை, நம் இளைஞர்கள் பலருக்கு முதல் வாகனம் அதுதான். வாங்கிய சில மாதங்களிலேயே அதில் எதையாவது மாற்ற வேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்துவிடுகிறது. முதலில் எக்ஸோஸ், அடுத்து காற்று வடிகட்டி, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பெரிய புளோக். 1994 முதல் நடைபெற்று வரும் கப் பிரிக்ஸ் பந்தயங்களும் இந்த ஆசையை வளர்த்திருக்கின்றன எனலாம்.

ஆசையைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். வார இறுதிகளில் மோட்டார் பட்டறைகளில் எரிபொருள் அளவைச் சீரமைக்கும் வேலையில் உதவி வருகிறேன். அங்கே அடிக்கடி என் காதில் விழும் ஒரு வாக்கியம், “மேப் போட்டாச்சு” என்பது. வேறொருவரின் வண்டிக்குத் தயாரித்த கோப்பைத் தன் வண்டியின் கணினியில் ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அது ஏன் என்பதையும், முறையாகச் செய்வது எப்படி என்பதையும் இயன்றவரை எளிய தமிழில் விளக்க முயல்கிறேன்.

கார்புரேட்டரிலிருந்து கணினிக்கு

கார்புரேட்டர் என்பது ஓர் எளிய, அழகான கருவி. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது, அந்தக் காற்றின் வேகமே பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு வரும். காற்று அதிகமானால் பெட்ரோலும் ஓரளவு தானாகவே அதிகமாகும். எனவே எஞ்சினைப் பெரிதாக்கினாலும் கார்புரேட்டர் ஓரளவு ஈடுகொடுக்கும். மீதியை ஜெட் மாற்றியும் ஊசியின் உயரத்தை மாற்றியும் போமன்கள் சரிசெய்வார்கள்.

எரிபொருள் செலுத்தும் முறையில் கதை வேறு. இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சிறிய அடைப்பான். ஈசியூ எனப்படும் கணினி அதை எத்தனை மில்லி விநாடி திறந்து வைக்கிறதோ அவ்வளவு பெட்ரோல் உள்ளே போகும். காற்று எவ்வளவு வந்தது என்பது இன்ஜெக்டருக்குத் தெரியாது. கணினி சொன்னதை மட்டுமே அது செய்யும்.

சரி, கணினிக்காவது தெரியுமா? கார்கள் சிலவற்றில் உள்ளே வரும் காற்றை அளக்கும் கருவி உண்டு. நம் காப்சாய்களில் பொதுவாக அது இருப்பதில்லை. எஞ்சினின் சுற்று வேகம், திருகலின் திறப்பு, உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பம், எஞ்சினின் வெப்பம் ஆகியவற்றை மட்டுமே கணினி அறியும். இவற்றைக் கொண்டு, தொழிற்சாலையில் எழுதி வைத்த ஓர் அட்டவணையைப் பார்த்து, “இந்தச் சுற்றுக்கு, இந்தத் திருகலுக்கு, இவ்வளவு மில்லி விநாடி” என்று முடிவெடுக்கும். நாம் சிறுவயதில் மனனம் செய்த வாய்பாட்டைப் போன்றது அது. கேள்வி மாறிவிட்டாலும் பழைய விடையையே சொல்லும்.

57-இலிருந்து 62-க்கு: ஒரு சிறு கணக்கு

2015-ஆம் ஆண்டு மலேசியச் சந்தைக்கு வந்த யமஹா ஒய்15இசட்ஆர் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டரின் விட்டம் 57 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 58.7 மி.மீ. இவ்விரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் கொள்ளளவு 149.8 சிசி. இதில் 62 மி.மீ. புளோக் போட்டால் கொள்ளளவு ஏறக்குறைய 177 சிசி ஆகிவிடும். அதாவது ஒவ்வொரு முறையும் எஞ்சின் உறிஞ்சும் காற்று சுமார் 18 விழுக்காடு கூடுகிறது.

இப்போது அட்டவணையை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? முழுத் திருகலில் முன்பு 12.8 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற விகிதம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். காற்று மட்டும் 18 விழுக்காடு கூடி, பெட்ரோல் அப்படியே இருந்தால் விகிதம் 15.1 ஆகிவிடும். இந்த ஓர் எண்தான் பிஸ்டனின் தலையெழுத்தை மாற்றிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த எஞ்சினின் அழுத்த விகிதம் 10.4. மேலே உள்ள எரியறையின் அளவை மாற்றாமல் சிலிண்டரை மட்டும் பெரிதாக்கினால், கணக்குப்படி அது 12.1 வரை ஏறும். பிஸ்டனின் தலை வடிவத்தைப் பொறுத்து இந்த எண் மாறும் என்றாலும், ரோன்95 பெட்ரோலுக்கு அது சுமைதான் என்பதில் ஐயமில்லை.

மெலிந்த கலவை, செறிந்த கலவை

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை. அதைவிடக் காற்று கூடினால் மெலிந்த கலவை; பட்டறை மொழியில் ‘லீன்’. பெட்ரோல் கூடினால் செறிந்த கலவை, அதாவது ‘ரிச்’.

சீரான வேகத்தில் ஓடும்போது 14.7-ஐ ஒட்டிய கலவை சிக்கனத்திற்கு நல்லது. முழுத் திருகலில் அதிக ஆற்றல் கிடைப்பது 12.5 முதல் 13 வரையிலான செறிந்த கலவையில்தான். கூடுதலாகச் செல்லும் பெட்ரோல் ஆவியாகும்போது எரியறையின் வெப்பத்தையும் சற்றுத் தணிக்கிறது. முழுச் சுமையில் கலவை 14, 15 என்று மெலிந்துவிட்டால் அந்தத் தணிப்பு குறைந்துபோகும், வெப்பம் ஏறும், நாக்கிங் எனும் தட்டலும் எளிதாகத் தொடங்கும். தூய அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். பிஸ்டன் செய்யப் பயன்படும் கலப்புலோகம் அதற்கு முன்பே இளகத் தொடங்கும். எரியும் வாயுவோ 2,000 பாகையைத் தாண்டும். பிஸ்டனில் ஓட்டை விழுவதற்கு நீண்ட நேரம் தேவையில்லை.

அதற்காகப் பெட்ரோலை அள்ளி ஊற்றுவதும் தீர்வாகாது. அளவுக்கு மிஞ்சினால் பிளக் கரி பிடிக்கும், ஆற்றல் குறையும், சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைப் பெட்ரோல் கழுவிவிடும், எஞ்சின் எண்ணெயும் நீர்த்துப்போகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம்மவர்கள் சொன்னது பெட்ரோலுக்கும் பொருந்தும்.

“நல்லாத்தானே ஓடுது!”

புளோக் மாற்றியபின் பலர் கூறும் வாக்கியம் இது. அவர்கள் பொய் சொல்லவில்லை. எக்ஸோஸில் ஆக்சிஜன் உணரி உள்ள வண்டிகளில், மெதுவாக ஓடும்போது கணினி அந்த உணரியைப் பார்த்துக் கலவையை 14.7-க்கு அருகில் தானாகவே திருத்திக்கொள்ளும். அதனால் விடுதியிலிருந்து கடைவீதிக்குப் போய்வரும்போது எந்தக் குறையும் தெரியாது. முழுத் திருகலில் கணினி அந்த உணரியைப் பொருட்படுத்தாமல் அட்டவணையை மட்டுமே நம்பும். ஆகவே குறை வெளிப்படும் இடம் நெடுஞ்சாலை. அதுவும் வேகம் உச்சத்தில் இருக்கும்போது. அந்த நேரத்தில் பிஸ்டன் இறுகினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. எரிபொருள் அளவைச் சீரமைப்பதை நான் வேகத்திற்கான வேலை என்று கருதாமல் பாதுகாப்பு வேலை என்று கருதுவதற்கு இதுவே காரணம்.

இன்ஜெக்டருக்கும் எல்லை உண்டு

அட்டவணையில் எண்ணைக் கூட்டினால் போதுமா? இன்ஜெக்டரால் அவ்வளவு பெட்ரோலைக் கொடுக்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் செலுத்தப்படுகிறது. நிமிடத்திற்கு 10,000 சுற்றில் அந்த இடைவெளி வெறும் 12 மில்லி விநாடி.

கணக்குக்காக நிமிடத்திற்கு 130 சிசி கொடுக்கும் இன்ஜெக்டர் ஒன்றைக் கொள்வோம். எடையில் அது 1 மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 1.6 மி.கி. பெட்ரோல். நமது 177 சிசி எஞ்சின், 90 விழுக்காடு நிரம்பினால், ஒரு முறைக்கு உறிஞ்சும் காற்று சுமார் 186 மி.கி. 13-க்கு 1 என்ற விகிதத்தில் தேவைப்படும் பெட்ரோல் 14.3 மி.கி. அதைக் கொடுக்க 8.9 மில்லி விநாடி வேண்டும். இன்ஜெக்டர் திறப்பதற்கே வீணாகும் நேரம் சுமார் 1 மில்லி விநாடி. ஆக மொத்தம் 9.9. இருக்கும் 12-இல் இது 83 விழுக்காடு. சுற்று 11,000 ஆனால் இடைவெளி 10.9 ஆகச் சுருங்கும். பயன்பாடு 91 விழுக்காட்டைத் தொடும். பொதுவாக 85 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பர். அதற்கு மேல் இன்ஜெக்டருக்கு ஒழுங்காக மூடித் திறக்க நேரம் இருக்காது. அட்டவணையில் எவ்வளவு கூட்டினாலும் பெட்ரோல் அதற்கேற்பக் கூடாது. அப்படியானால் பெரிய இன்ஜெக்டர்தான் வழி. அதை மாற்றினால் அட்டவணை முழுவதையும் மறுபடி எழுத வேண்டும்.

சீரமைக்கும் முறை

நான் பின்பற்றும் வரிசையைக் கீழே தருகிறேன்.

முதலாவது, எஞ்சின் நலமாக இருக்கிறதா என்று பார்ப்பது. வால்வு இடைவெளி, சிலிண்டர் அழுத்தம், பெட்ரோல் பம்பின் அழுத்தம், பேட்டரி, பிளக் ஆகிய அனைத்தும் சரியாக இருக்க வேண்டும். உள்ளிழுக்கும் குழாயில் காற்றுக் கசிவு இருந்தால் எந்த அட்டவணையும் நிலைக்காது.

இரண்டாவது, அளவுகருவி. தொழிற்சாலை பொருத்தும் சாதாரண உணரி 14.7-க்கு மேலா கீழா என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. நமக்கு வேண்டியது எண்ணைக் காட்டும் வைட்பேண்ட் உணரி. அதற்கு முன்னால் எக்ஸோஸில் கசிவு இருந்தால் வெளிக்காற்று புகுந்து, கலவை மெலிந்திருப்பதாகப் பொய் சொல்லும். பிளக் சரியாகப் பற்றாவிட்டாலும் இதே பொய் வரும். ஏனெனில் எரியாத ஆக்சிஜனும் உணரியைத்தான் கடந்து செல்கிறது. இது தெரியாமல் பெட்ரோலைக் கூட்டினால் பற்றாத பிளக் மேலும் நனையும்.

மூன்றாவது, அடிப்படை எண்கள். திருகல் மூடியிருக்கும்போது திருகல் உணரி சுழியத்தைக் காட்ட வேண்டும். இன்ஜெக்டரின் அளவும் அதன் வீண் நேரமும் கணினியில் சரியாக இருக்க வேண்டும். எஞ்சின் முழுச் சூட்டை அடைந்த பின்னரே அளக்கத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர் நிலைக்காகக் கணினி கூட்டும் பெட்ரோலும் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும்.

நான்காவது, கீழிருந்து மேலே செல்வது. முதலில் நின்ற நிலை ஓட்டம், பிறகு சிறு திருகல், பிறகு சீரான வேகம், கடைசியில் முழுத் திருகல். முழுத் திருகலைத் தொடங்கும்போது அட்டவணையை வேண்டுமென்றே செறிவாக வைத்து, சிறிது சிறிதாகக் குறைத்து வருவதே பாதுகாப்பு. மெலிந்த பக்கத்திலிருந்து தொடங்குவது பிஸ்டனைப் பணயம் வைப்பதாகும்.

திருத்தும் சூத்திரம் மிக எளியது. பழைய நேரத்தை, அளந்த விகிதத்தால் பெருக்கி, வேண்டிய விகிதத்தால் வகுக்க வேண்டும். வீண் நேரம் நீங்கலாக இன்ஜெக்டர் 5 மில்லி விநாடி திறந்திருக்கிறது, உணரி 14.2 காட்டுகிறது, நமக்கு வேண்டியது 12.8. அப்படியானால் புதிய நேரம் 5.55 மில்லி விநாடி. ஒவ்வொரு கட்டத்தையும் இப்படித் திருத்தி, மறுபடி அளந்து, சரிதானா என்று பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். ஒவ்வொரு பதிப்பையும் தேதியிட்டுச் சேமிக்க வேண்டும்.

இவ்வேலைக்கு ஏற்ற இடம் டைனோ இயந்திரம். சுமை கொடுத்து ஒரே சுற்று வேகத்தில் எஞ்சினை நிறுத்தி வைக்கக்கூடிய வகையாக இருந்தால் கட்டம் கட்டமாக நிதானமாகப் பார்க்கலாம். உருளையைச் சுழற்றி மட்டும் அளக்கும் வகையில் முழுத் திருகலை மட்டுமே நன்கு பார்க்க முடியும். பொதுச் சாலையில் முழுத் திருகலைச் சோதிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

தீப்பொறி நேரமும் சேர்ந்ததே

பெட்ரோலைச் சரிசெய்துவிட்டுத் தீப்பொறி நேரத்தை மறந்துவிடுபவர்கள் உண்டு. பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சில பாகைகளுக்கு முன்பே பிளக் பொறி விடுகிறது. அழுத்த விகிதம் கூடினால் கலவை விரைவாக எரியும். ஆகவே பொறியும் சற்றுத் தாமதமாக வர வேண்டும். பழைய நேரத்தையே வைத்திருந்தால் தட்டல் வரும். காரில் உள்ளதுபோல் தட்டலைக் கேட்டுத் தானே பின்வாங்கும் உணரி பெரும்பாலான சிறிய மோட்டார்களில் இல்லை. எனவே சில பாகைகள் தாமதமாகத் தொடங்கி, ஒவ்வொரு பாகையாக முன்னே கொண்டுவந்து, டைனோவில் இழுவிசை கூடுவது நின்றதும் நிறுத்திவிட்டு, ஓரிரு பாகைகள் பின்னே வருவதே நல்லது. அந்த ஓரிரு பாகைகள்தான் வெயில் கொளுத்தும் நாளுக்கான காப்புறுதி.

மலையேறும் வண்டி

காற்றழுத்தத்தைப் பாராமல், திருகலையும் சுற்றையும் மட்டும் பார்த்து எழுதிய அட்டவணை, எழுதிய இடத்தில்தான் சரியாக இருக்கும். கடல்மட்டத்தை ஒட்டிய கிள்ளானில் சீரமைத்த வண்டியைக் கேமரன் மலைக்கு ஓட்டிச் செல்வோம். ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் காற்றழுத்தம் சுமார் 15 விழுக்காடு குறைவு. காற்று குறைந்தும் பெட்ரோல் குறையாததால் கலவை செறிந்து, வண்டி மந்தமாகிவிடும். இதைத் தவிர்க்க, அழுத்த உணரியின் திருத்தம் கணினியில் இயங்குகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். மலைமேலேயே வண்டியை வைத்துக்கொண்டு சீரமைத்து, அந்தத் திருத்தம் இல்லாமல் கீழே இறங்குவது இதைவிட மோசம். அங்கே கலவை மெலிந்துவிடும். வேறொருவரின் ‘மேப்’ ஏன் நம் வண்டிக்கு ஒத்துவராது என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம். அவருடைய எக்ஸோஸ் வேறு, கேம் வேறு, இன்ஜெக்டர் வேறு. சீரமைத்த இடம்கூட வேறாக இருக்கலாம்.

சட்டத்தையும் மறவாதீர்

எஞ்சின் கொள்ளளவு வாகனப் பதிவில் உள்ள ஒரு விவரம். அதை மாற்றிவிட்டு, சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலின்றிப் பொதுச் சாலையில் ஓட்டுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ்ச் சிக்கலைத் தரும். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டிக் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும். பந்தயத்திற்காகச் செய்த எஞ்சின் பந்தயத் தடத்திலேயே இருக்கட்டும். அன்றாடம் கல்விக்கூடத்திற்குப் போய்வர, தொழிற்சாலை தந்த 150 சிசி தாராளமாகப் போதும்.

காதும் கருவியும்

நான் உதவும் பட்டறை ஒன்றில் மூத்த போமன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கார்புரேட்டர் காலத்தவர். கணினித் திரையை அவர் பெரும்பாலும் பார்ப்பதில்லை. முழுத் திருகல் ஓட்டம் முடிந்ததும், “தம்பி, பிளக்க கழட்டு, பார்ப்போம்” என்பார். பீங்கானின் நிறத்தையும் மின்முனையின் ஓரத்தையும் உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்று என்றோ, போதும் என்றோ சொல்வார். பீங்கானில் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகளையோ மினுக்கும் அலுமினியத் துகள்களையோ கண்டால் அன்றைய ஓட்டம் அத்துடன் முடிந்தது. அது தட்டலின் அடையாளம். பல முறை அவர் சொன்னதும் என் வரைபடம் காட்டியதும் ஒன்றாகவே இருந்தன. ஒன்றாக இல்லாத நாளில் நாங்கள் இருவரும் மேலே போகாமல் நிறுத்தி, காரணத்தைத் தேடுவோம். ஒருமுறை உணரிக்கு முன்னால் இருந்த எக்ஸோஸ் கசிவு அப்படித்தான் அகப்பட்டது. அவருடைய கண் இல்லையேல் கருவி சொன்ன பொய்யை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போயிருப்போம்.

நம் சமூகத்தில் மோட்டார் பட்டறைகளை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அங்குள்ள கைத்திறன் பெரிது; ஆனால் அது எழுதப்படவில்லை. மறுபுறம், பொறியியல் படிக்கும் நம் மாணவர்களிடம் சூத்திரம் இருக்கிறது. ஆனால் பலர் கையில் ஸ்பானர் படுவதில்லை. வார இறுதியில் ஒரு மாணவர் மடிக்கணினியுடன் அருகிலுள்ள பட்டறைக்குச் சென்று அமர்ந்தால் இரு பக்கமும் பயன்பெறும். மெலிந்த கலவை, செறிந்த கலவை, வீண் நேரம் என்று தமிழிலேயே பேசிப் பார்க்கலாம். தொடக்கத்தில் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடும்.

பெரிய புளோக் போடத் துடிக்கும் தம்பி, தங்கைகளுக்கு நான் கூற விரும்புவது ஒன்றுதான். புளோக்கிற்கு ஒதுக்கும் பணத்தோடு, அளப்பதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் புளோக் மாற்றுவதைத் தள்ளி வையுங்கள். சீரமைத்து முடிந்ததும், உங்கள் வண்டியின் முழுத் திருகல் கலவை எந்தச் சுற்றில் என்ன எண் என்று போமனிடம் கேளுங்கள். எண்ணைக் காட்டினால் நம்பி ஓட்டுங்கள். “சத்தத்தைக் கேட்டாலே தெரியும்” என்று மட்டும் சொன்னால், வண்டியை அளவுகருவி உள்ள இடத்திற்குக் கொண்டு செல்லுங்கள்.